கைக்கு இதம், தப்புக்குத் தயவு: நாலு வகை கோல்ஃப் அயர்ன்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது

புதிதாக அயர்ன் வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். "இருக்கிற பெட்டி நல்லாத்தானே சூடாகுது?" என்றார் அம்மா. இஸ்திரிப் பெட்டி இல்லை, கோல்ஃப் ஆடுகிற அயர்ன், உலோகத் தலை வைத்த கிளப் என்று விளக்கியதும், "அதுவும்தான் ஒரு பை நிறைய மாடிப்படிக்குக் கீழே கிடக்குதே" என்றார். அதற்கு என்னிடம் உடனே சொல்லப் பதில் இல்லை.

அந்தப் பையில் இருப்பது பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆடத் தொடங்கிய புதிதில் வாங்கிய செட். பின்பக்கம் அகலமாகக் குழிந்திருக்கும். அடிப்பாகம் என் கட்டைவிரலைவிடத் தடிப்பு. எங்கே பட்டாலும் பந்து எப்படியோ முன்னால் போய்விடும். என் ஹேண்டிகேப் 17; ஆட்டத் திறமையைக் காட்டும் எண் அது, குறையக் குறைய நல்லது. சென்னையில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஆடி, தொண்ணூறைச் சுற்றியே முடிக்கிற ஆள். என்னைப் போன்றவர்களை நினைத்துச் செய்த செட்தான் அது. குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

போன வருஷம் நண்பர் ஒருவர் தன் பையிலிருந்து கத்தி மாதிரி மெல்லிய 7 அயர்ன் ஒன்றை எடுத்துக் கொடுத்து, "ரெண்டு பந்து அடிச்சுப் பாருங்க" என்றார். முதல் மூன்று பந்துகள் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. நான்காவது முகத்தின் நடுவில் பட்டது. பட்டதே தெரியவில்லை. கிரிக்கெட்டில் மட்டையின் சரியான இடத்தில் பந்து பட்டால் கைக்கு ஒன்றும் தெரியாது, 'டொக்' என்ற சத்தம் மட்டும் காதில் விழும், நிமிர்ந்து பார்த்தால் பந்து எல்லைக்கோட்டில் இருக்கும். அதே அனுபவம். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

கடைக்காரரிடம் போனால் ஒரு கோடு கிழித்துக் காட்டுவார். ஒரு முனையில் மெல்லிய, முதுகில் குழியில்லாத பிளேடு: கைக்கு இதம், தப்புக்குத் தண்டனை. மறுமுனையில் தடித்த, முதுகு குழிந்த கேம் இம்ப்ரூவ்மென்ட் வகை: தப்புக்குத் தயவு, கைக்கு மரக்கட்டை. நடுவில் எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்பார். ஆறு மாதம் பல செட்டுகளை இரவல் வாங்கியும், ஆளுக்கேற்பக் கிளப்பைப் பொருத்தித் தரும் ஃபிட்டிங் அறைகளில் அடித்தும் பார்த்தபின் எனக்குத் தோன்றுவது, அந்தக் கோடு பாதிதான் உண்மை. இதம் என்று நாம் சொல்வதிலேயே இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. தயவு என்பதிலோ குறைந்தது மூன்று. எதை எதற்காகக் கேட்கிறோம் என்று பிரித்துக்கொண்டால், ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்க வேண்டிய கட்டாயம் நிறையவே குறைகிறது.

முதலில் ஃபீல் என்ற கையுணர்வு. நிறையப் பேரின் காசு கரைவது இதில்தான். பந்தும் கிளப்பும் ஒட்டியிருக்கும் நேரம் ஏறக்குறைய அரை மில்லி நொடி. ஒரு நொடியை இரண்டாயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு. கையில் ஏற்பட்ட அதிர்வு மூளைக்குப் போய்ச் சேர்வதற்குள் பந்து கிளம்பிப் போயிருக்கும். ஆகவே கையுணர்வு அந்த அடியைத் திருத்த ஒரு விதத்திலும் உதவாது. நடந்து முடிந்ததைப் பற்றிய சேதி அது. அந்தச் சேதியிலும் கணிசமான பங்கு கை வழியாக அல்ல, காது வழியாக வருகிறது.

இதை நம்பாமல் நான் ஒரு சோதனை செய்தேன். பயிற்சி ரேஞ்சில் இரண்டு காதிலும் அடைப்பானைச் செருகிக்கொண்டு, மிசுனோவின் ஃபோர்ஜ்டு, அதாவது எஃகை அடித்து உருவாக்கிய அயர்னையும், என் பழைய காஸ்ட், அதாவது வார்த்துச் செய்த அயர்னையும் மாற்றி மாற்றி அடித்தேன். நண்பர்தான் எடுத்துக் கொடுத்தார். நான் குனிந்து பார்க்காமல் இருக்க முயன்றேன், முழுசாக முடியவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நடுவில் பட்ட பந்துகளில் எது எதுவென்று எனக்குப் பிரித்துச் சொல்ல வரவில்லை. காதடைப்பை எடுத்தவுடன் ஒன்று 'டொக்', இன்னொன்று 'டிங்'. கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். ஆனால் இன்னொன்றும் கவனித்தேன். முகத்தின் நுனியிலோ, கழுத்தை ஒட்டிய குதிகால் பக்கத்திலோ பட்ட பந்துகளில், காது அடைத்திருந்தாலும் மெல்லிய அயர்ன் எங்கே பட்டது என்று கைக்குச் சொல்லியது. தடித்த அயர்ன் எங்கே பட்டாலும் ஒரே பதிலைத்தான் சொல்லியது.

அப்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. இதம் வேறு, சேதி வேறு. இதம் என்பது நடுவில் பட்டால் கிடைக்கும் சுகம், பெரும்பாலும் சத்தம். சேதி என்பது நடுவில் படாதபோது, எங்கே தப்பினோம் என்று கை அறிவது. ஹேண்டிகேப்பைக் குறைக்க நினைக்கிறவனுக்குத் தேவை இரண்டாவது. முதலாவது ஆடம்பரம்தான். ஆடம்பரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அஞ்சு மணிக்கு எழுந்து போகிறவனுக்கு அந்தச் சுகமும் வேண்டும்.

உலோகம் என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். மிசுனோ தன் ஃபோர்ஜ்டு அயர்ன்கள் பலவற்றை ஹிரோஷிமாவில் உள்ள பட்டறையில் மென்மையான 1025 கார்பன் எஃகை அடித்து உருவாக்குகிறது. 2019-இல் வந்த எம்பி-20 வரிசையில் நிக்கல், குரோம் பூச்சுக்கு அடியில் மெல்லிய செம்புப் பூச்சும் கொடுத்தார்கள், கைக்கு இன்னும் இதமாக இருக்கட்டும் என்று. அந்தச் செம்பு கைக்குத் தெரிகிறதா, மனசுக்குத் தெரிகிறதா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு. பிங் நிறுவனத்தின் ஐ230 அதற்கு நேர்மாறு. வார்ப்பில் செய்த துருப்பிடிக்காத எஃகு, முகத்துக்குப் பின்னால் அதிர்வை உறிஞ்ச ரப்பர் போன்ற ஒரு பொருள். ஃபோர்ஜ்டு என்ற பெயரே இல்லை. ஆனால் அடித்தால் சத்தம் அடக்கமாக, கனமாக இருக்கிறது. பந்து படும் இடத்துக்குப் பின்னால் எவ்வளவு உலோகம் நிற்கிறது, தலை எப்படி அதிர்கிறது என்பதே கையுணர்வில் முக்கியம். அடித்ததா வார்த்ததா என்பது அதற்கு அப்புறம்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஃபோர்ஜ்டு அயர்ன் தெளிவாக ஜெயிக்கிறது. விளம்பரங்களில் அதைப் பெரிதாகச் சொல்வதில்லை. மென்மையான கார்பன் எஃகின் கழுத்தை இயந்திரத்தில் வைத்து ஒரு டிகிரி, இரண்டு டிகிரி என்று சுலபமாக வளைக்கலாம். கடினமான வார்ப்பு எஃகு அவ்வளவு இணங்காது. தண்டுக்கும் தரைக்கும் நடுவிலுள்ள லை கோணம் தப்பாக இருந்தால் நன்றாக அடித்த பந்தும் இடமோ வலமோ போகும் என்பதால் இது சின்ன விஷயமல்ல.

சரி, தயவுக்கு வருவோம். கதை கார்ஸ்டன் சோல்ஹைமிடம் தொடங்குகிறது. நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர்; ஜெனரல் எலக்ட்ரிக்கில் பொறியாளர். பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் பட்டிங்கில் திணறிக்கொண்டிருந்தவர், எடையை நடுவில் குவிக்காமல் நுனிக்கும் குதிகாலுக்கும் பிரித்து வைத்தால், ஓரத்தில் பட்டாலும் தலை திரும்பாது என்று யோசித்து 1959-இல் ஒரு பட்டரைச் செய்தார். பந்தை அடித்தால் அது 'பிங்' என்று ஒலித்தது. நிறுவனத்துக்கு அதுவே பெயர். தயவைத் தொழிலாக்கிய நிறுவனத்தின் பெயர், ஆட்டக்காரர்கள் முகம் சுளிக்கிற சத்தத்திலிருந்து வந்தது என்பதை நினைத்தால் எனக்கு எப்போதும் சிரிப்பு வரும். அதே யோசனையை அயர்ன்களுக்குக் கொண்டுபோய், 1982-இல் வந்த பிங் ஐ 2 செட்டில் அவர் உலகத்தையே மாற்றிவிட்டார். இன்று கடையில் இருக்கும் குழிந்த முதுகு அயர்ன்கள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் அதன் பிள்ளைகள்.

ஆனால் ஓரங்களில் எடை வைப்பது ஒரு வகைத் தப்பைத்தான் தாங்குகிறது: முகத்தில் இடவலமாகத் தள்ளிப் படுவது. பந்து நுனியில் பட்டால் தலை கொஞ்சமாகத் திரும்புகிறது, வேகம் கொஞ்சமாகக் குறைகிறது. இரண்டாவது வகை, மேல் கீழாகத் தப்புவது. பந்தின் வயிற்றில் கிளப்பின் கீழ்விளிம்பு படுகிற தின் அடி. இதற்கு உதவுவது தலையின் எடை மையம் எவ்வளவு கீழே இருக்கிறது என்பது. மூன்றாவது, பந்துக்கு முன்பே தரையைத் தோண்டுவது, ஃபேட் அடி. இதற்கு உதவுவது அடிப்பாகத்தின் அகலமும் வளைவும், முன்விளிம்பு மண்ணில் புதையாமல் தடுக்கும் பவுன்ஸ் கோணமும். முகம் திறந்தபடி வந்து பந்து வலப்பக்கத்து மரங்களுக்குள் போகிறதே, அதற்கு ஆஃப்செட், அதாவது முகம் கழுத்திலிருந்து பின்னால் தள்ளி நிற்பது, கொஞ்சம் கைகொடுக்கலாம். மற்றபடி அதற்கு மருந்து கடையில் இல்லை.

உங்கள் தப்பு எந்த வகை என்று தெரியாமல் 'ஃபர்கிவிங் அயர்ன் கொடுங்கள்' என்று கேட்பது, எங்கே வலிக்கிறது என்று சொல்லாமல் மாத்திரை கேட்கிற கதைதான்.

என் தப்பைக் கண்டுபிடிக்க நான் செய்தது, கிளப் முகத்தில் வீட்டு டால்கம் பவுடரைத் தூவி முப்பது பந்து அடித்தது. பந்து பட்ட இடத்தில் பவுடர் அழிந்து வட்டமாகத் தெரியும். நான் நுனியில் நிறைய அடிக்கிறேன் என்று பல வருஷமாக நம்பியிருந்தேன். வட்டங்கள் அப்படிச் சொல்லவில்லை. இடவலமாகப் பார்த்தால் ஒழுங்காகவே இருந்தன. மேல் கீழாகத்தான் சிதறிக் கிடந்தன, பாதிக்கு மேல் முகத்தின் கீழ்ப்பகுதியில். வழக்கமாக எனக்குப் பை தூக்கும் கேடி அண்ணனிடம் காட்டினேன். அவர் இருபத்தைந்து வருஷமாக மற்றவர்களின் ஸ்விங்கைப் பார்த்துக்கொண்டிருப்பவர். "இதுக்கு பவுடர் எதுக்கு சார்? என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. ஒண்ணு தரையை வெட்டுறீங்க, இல்ல பந்து தலையில தட்டுறீங்க. சைடுல நீங்க தப்பு பண்றதே இல்ல" என்றார். பன்னிரண்டு வருஷமாக எனக்குத் தேவைப்படாத தயவைத்தான் நான் சுமந்துகொண்டிருந்தேன்.

இனி வகைகளைப் பார்க்கலாம்.

பிளேடை நான் சீக்கிரமே ஒதுக்கிவிட்டேன். மிசுனோ புரோ 241, டைட்டிலிஸ்ட் 620 எம்பி இரண்டையும் அடித்தேன். நன்றாகப் பட்ட ஒவ்வொரு பந்துக்கும் பையில் கைவைத்துப் பர்ஸைத் தேடினேன். ஆனால் அதில் எடை மையம் ஒப்பீட்டளவில் மேலே. என்னைப் போல முகத்தின் கீழ்ப்பகுதியில் அடிக்கிறவனுக்கு அது நேரடித் தண்டனை. உலகத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர்களே எல்லோரும் பிளேடு வைத்திருப்பதில்லை. புரூக்ஸ் கெப்கா 2017-லும் 2018-லும் யு.எஸ். ஓபனை வென்றபோது அவர் பையில் இருந்தது மிசுனோ ஜேபிஎக்ஸ் 900 டூர், குழிந்த முதுகு கொண்ட அயர்ன். அதுவும் அந்த நிறுவனம் அவருக்குப் பணம் கொடுத்ததால் அல்ல. அவராக விரும்பி எடுத்தது. அவருக்கே அந்த அளவு தயவு தேவைப்படும்போது எனக்கு என்ன வீராப்பு?

மறுமுனையில் கேம் இம்ப்ரூவ்மென்ட். பிங் ஜி430, டைட்டிலிஸ்ட் டி350 இரண்டையும் சொல்லலாம். இங்கே கொஞ்சம் நின்று லாஃப்ட், அதாவது முகத்தின் சாய்வுக் கணக்கைப் பேச வேண்டும், ஏனென்றால் கடையில் ஏமாறுவது இங்கேதான். அயர்னின் எண் சிறியதாக ஆகச் சாய்வு குறையும், தூரம் கூடும். 1970-களில் 7 அயர்ன் முகத்தின் சாய்வு ஏறக்குறைய 38, 39 டிகிரி. இன்றைய 620 எம்பியில் 35. டைட்டிலிஸ்ட் டி100-இல் 34, பிங் ஐ230-இல் 33, டெய்லர்மேட் பி790-இல் 30.5. ஜி430-லும் டி350-லும் 29. அதாவது அடியில் 7 என்று பொறித்திருக்கும் கிளப், பழைய காலத்து 4 அயர்னுக்கும் 5 அயர்னுக்கும் நடுவில் நிற்கிறது. ஃபிட்டிங் அறையில் உங்கள் பழைய 7 அயர்னையும் புதிய 7 அயர்னையும் மாற்றி அடித்து, திரையில் பதினைந்து யார்டு கூடுதலாகத் தெரிந்தால் அந்தப் பாராட்டு உங்களுக்கும் சேராது, முழுசாகக் கிளப்புக்கும் சேராது. வேறொரு எண்ணை அடித்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

இதில் முழு மோசடி என்று சொல்வதும் நியாயமில்லை. எடை மையத்தைக் கீழே இறக்கி முகத்தை மெல்லியதாக்கினால் பந்து தானாகவே உயரமாகக் கிளம்பும். சாய்வைக் குறைக்காவிட்டால் வானத்துக்குத்தான் போகும். ஆக, 29 டிகிரியிலும் என்னால் உயரமாக அடிக்க முடிந்தது. தாறுமாறான அடிகளில் என் பழைய செட்டைவிடவும் பொறுமைசாலி. பிரச்சினை இரண்டு இடத்தில். ஒன்று, சுழற்சி. பந்தின் ஓட்டத்தை அளக்கும் டிராக்மேன் நிறுவனம் வெளியிட்டு பரவலாகப் புழங்கும் பட்டியலில் பி.ஜி.ஏ. டூர் தொழில்முறை ஆட்டக்காரர்களின் 7 அயர்ன் சுழற்சி சராசரியாக நிமிடத்துக்கு 7097 சுற்று. அவ்வளவு நமக்கு வேண்டாம். ஆனால் சாய்வு குறைந்த அயர்னில் சுழற்சி மிகவும் இறங்கிவிட்டால், மே மாதத்து இறுகிய கிரீனில், குழியைச் சுற்றிய புல்தரையில், பந்து விழுந்து, குதித்து, பின்பக்கம் உருண்டு போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். உயரமாக விழுந்தால் ஓரளவு தப்பிக்கலாம்; 45 டிகிரிக்குக் குறையாத கோணத்தில் விழ வேண்டும் என்று ஃபிட்டர்கள் சொல்வார்கள். என் வேகத்துக்கு நீளமான அயர்ன்களில் அது கைகூடவில்லை.

இரண்டாவது, கீழே இருக்கும் ஓட்டை. வெட்ஜ் என்பது சாய்வு அதிகமான, குறுகிய தூரத்துக்கான கிளப். ஜி430 பிட்சிங் வெட்ஜின் லாஃப்ட் 41 டிகிரி. என் சாண்ட் வெட்ஜ் 56. நடுவில் பதினைந்து டிகிரி வெற்றிடம். அதை அடைக்க இன்னும் இரண்டு வெட்ஜ் வாங்க வேண்டும். பையில் 14 கிளப்தான் என்ற விதி 1938-இலிருந்து இருக்கிறது. ஆகவே மேலே எதையாவது கழற்ற வேண்டும். கடைக்காரர் சொல்லும் செட் விலையில் இந்த வெட்ஜ்களின் விலை சேர்ந்திருக்காது. ஐ230-இல் பிட்சிங் வெட்ஜ் 45. ஒரே ஒரு வெட்ஜ் நடுவில் போட்டால் போதும்.

இன்னொன்றும் உண்டு, கணக்கில் வராது, ஆனால் கண்ணில் உறுத்தும். மேலிருந்து பார்த்தால் தடித்த மேல்விளிம்பும், கழுத்திலிருந்து பின்னால் தள்ளி நிற்கும் முகமும். பந்தை வலமாக ஸ்லைஸ் அடிக்கிறவர்களுக்கு அந்த ஆஃப்செட் உதவலாம். நான் அவசரப்பட்டால் இடமாக ஹுக் அடிக்கிற சாதி. குனிந்து பார்க்கும்போதே முகம் இடப்பக்கம் மூடியிருப்பது போல் தெரிந்தால் கை தானாகத் தயங்குகிறது. உங்களுக்கு அப்படித் தெரியவில்லை என்றால், நூறுக்குக் கீழே வரப் போராடிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், இந்த வகையைத் தாண்டிப் பார்க்கவே வேண்டாம். கௌரவத்துக்காக டூர் அயர்ன் தூக்கிக்கொண்டு திரிகிற சிலரை நானறிவேன். ஸ்கோர் அட்டையைக் கேட்டால் பேச்சை மாற்றுவார்கள்.

மூன்றாவது வகைதான் இப்போது எல்லோரும் விரும்புவது. உள்ளே வெறுமையாக, முகம் மெல்லியதாக, ஆனால் வெளியே பார்த்தால் கச்சிதமான பிளேடு போல. 2017-இல் டெய்லர்மேட் பி790 வந்தபின் இந்த வகை ஊரெல்லாம் பரவியது. வெற்றிடத்துக்குள் ஸ்பீட்ஃபோம் என்ற நுரையை நிரப்பி, சத்தத்தையும் அதிர்வையும் அடக்குகிறார்கள். டைட்டிலிஸ்ட் டி200, மிசுனோ புரோ 245 இரண்டும் இதே குடும்பம். இதமும் தயவும் ஒன்றாகக் கிடைக்கும் என்று சொல்லப்படும் இடம் இது. நானும் இதைத்தான் வாங்கப் போகிறேன் என்று ஒரு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அடித்தால் சுகம்தான். முகத்தின் கீழ்ப்பகுதியில் பட்டும் பந்து தாராளமாகப் போனது. ஆனால் சேதி மங்கல். நடுவில் பட்டதற்கும் அரை அங்குலம் தள்ளிப் பட்டதற்கும் கைக்கு வித்தியாசம் குறைவாகவே தெரிந்தது. அதைவிட எனக்கு உறுத்தியது, 8, 9 அயர்ன்களில் தூரம் ஒரே மாதிரி வராதது. ஐந்து பந்து ஒரே அளவு போகும். ஆறாவது ஏனென்றே தெரியாமல் பத்து யார்டு தாண்டிப் போகும். அறையில் அது சந்தோஷம். கிரீனுக்குப் பின்னால் தண்ணீர் இருக்கும்போது இல்லை. ஒரு முறை ஊட்டி ஜிம்கானாவில், இரண்டாயிரம் மீட்டருக்கு மேலான உயரத்தில் காற்று மெலிந்து பந்து எப்படியும் கூடுதலாகப் போகிற இடத்தில், நண்பர் ஒருவர் இந்த வகை 8 அயர்னில் கிரீனையே பார்க்காமல் பின்னால் இருந்த புதருக்குள் அனுப்பினார். மலை பாதி, கிளப் பாதி. பந்தை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை.

நான்காவது, சிறிய தலை, குழிந்த முதுகு. டி100, ஐ230, சிரிக்சான் இசட்எக்ஸ்7 மார்க் 2. இவற்றைக் 'கேவிட்டி பேக்' என்று பொதுவாகச் சொன்னாலும் தங்களுக்குள் ரொம்பவே வேறுபடுகின்றன. ஒரே பெயர்ப் பலகையின் கீழ் மூன்று வேறு ஆட்கள். டி100 கச்சிதம். அதன் சேதி துல்லியம். ஆனால் என் கீழ்ப்பகுதி அடிகளுக்கு அது பரிதாபப்படவில்லை. ஐ230 பார்க்கக் கொஞ்சம் பெரியது, எடையை ஓரங்களுக்குத் தள்ளி டங்ஸ்டன் வைத்திருப்பதால் இடவலத் தப்புகளுக்குப் பெருந்தன்மை. முகத்தில் தண்ணீர் ஒட்டாத பூச்சு வேறு இருக்கிறது. நவம்பர் மழைக்குப் பிறகு ஈரப் புல்லில் அடித்துப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். முகத்துக்கும் பந்துக்கும் நடுவில் தண்ணீர் மாட்டினால் சுழற்சி செத்துவிடும். எனக்குத் தப்பு இடவலமாக இருந்திருந்தால் பேச்சே இல்லாமல் ஐ230 வாங்கியிருப்பேன்.

சிரிக்சானின் அடிப்பாகம்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. வி.டி. சோல் என்கிறார்கள். முன்விளிம்புப் பக்கம் பவுன்ஸ் அதிகம், பின்பக்கம் குறைவு. குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஆங்கில 'வி' போல ஒரு மழுங்கிய முனை. தரையை முதலில் தொட்டாலும் கிளப் மண்ணுக்குள் புதையாமல் வழுக்கி வெளியே வருகிறது. அகலமான சோலும் இதைச் செய்யும், ஆனால் கோடையில் இறுகிப்போன பெர்முடா புல் தரையில் அகலமான சோல் துள்ளி, கீழ்விளிம்பைப் பந்தின் வயிற்றில் கொண்டுபோய் விடுகிறது. எனக்கு இரண்டு நோயும் உண்டு. மழைக்காலத்தில் வெட்டுவேன், கோடையில் தட்டுவேன். இந்தச் சோல் இரண்டுக்கும் ஓரளவு பரிகாரம். தலையோ சிறியது, எஃகு மென்மையானது, சேதியும் குறையவில்லை. இதமும் தயவும் ஒன்றுக்கொன்று எதிரி என்ற அந்தக் கோட்டில் இதை எங்கே வைப்பது? தயவு இங்கே முதுகில் இல்லை, அடியில் இருக்கிறது. அதனால் கையுணர்வை அது தொடவே இல்லை.

தலையைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு ஷாஃப்டை, அதாவது தண்டை, விடுவது தப்பு. டைனமிக் கோல்டு எஸ்300 எடை ஏறக்குறைய 130 கிராம். நிப்பான் என்.எஸ். புரோ 950 ஜிஎச் 95 கிராமைச் சுற்றி. கையில் தூக்கினால் முப்பத்தைந்து கிராம் ஒன்றுமில்லை. பதினாலாவது குழியில், பத்தரை மணி வெயிலில், சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும்போது அது தெரியும். களைத்த கை கிளப்பை இழுத்துக்கொண்டு வரும். அப்போது எந்தத் தலையும் காப்பாற்றாது. பகல் பன்னிரண்டு மணிக்கு ஏ.சி. அறையில் அடித்துப் பார்த்து கனமான ஷாஃப்டை எடுக்கிறவர்கள் இதை நினைத்துப் பார்ப்பதில்லை. கிரிப்பும் அப்படித்தான். சென்னை வியர்வைக்கு நூல் கலந்த கார்டு கிரிப் போட்டால் உள்ளங்கை கொஞ்சம் காய்க்கும், ஆனால் கிளப் நழுவாது. நழுவும் என்ற பயத்தில் இறுக்கிப் பிடிக்கிறவனுக்கு எந்த உலோகத்திலும் கையுணர்வு வராது. இரண்டு லட்சம் ரூபாய் செட்டில் வழுவழுத்த பழைய கிரிப்போடு ஆடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுக்கவில்லை. கிரிப் மாற்றுவதற்கு ஆகும் செலவு அதோடு ஒப்பிட்டால் டீக்காசு.

கடைசியில் நான் எடுத்தது ஒரு கலப்பு. 7 அயர்னிலிருந்து பிட்சிங் வெட்ஜ் வரை இசட்எக்ஸ்7 மார்க் 2. 5, 6 மட்டும் அதே வரிசையின் இசட்எக்ஸ்5 மார்க் 2: முகம் கொஞ்சம் பெரியது, எடை மையம் கீழே, பந்து சுலபமாக எழும். இரண்டிலும் அதே வி.டி. சோல். 7 அயர்னில் இரண்டுக்கும் லாஃப்ட் வித்தியாசம் 31-க்கும் 32-க்கும் உள்ள ஒரே டிகிரி என்பதால், கலக்கும் இடத்தில் தூரம் பெரிதாக இடறவில்லை. வேறு நிறுவனங்களில் கலக்கும்போது இந்தக் கணக்கைக் கட்டாயம் பாருங்கள். 29 டிகிரி 7 அயர்ன் வரிசையையும் 34 டிகிரி வரிசையையும் இஷ்டத்துக்குச் சேர்த்தால், நடுவில் ஒரு கிளப்பே காணாமல் போன மாதிரி இடைவெளி விழும். 4 அயர்ன் வாங்கவில்லை. அதை நான் நன்றாக அடித்த நாள் எனக்கு நினைவில்லை. பழைய பையிலிருந்த ஹைப்ரிட், நீள அயர்னைவிடச் சுலபமாக அடிக்கிற கிளப், அந்த இடத்தில் தொடர்கிறது.

புதுசாக வாங்கவில்லை, ஒரு வருஷம் ஆடியது. விற்றவர் பிளேடுக்கு மாறப் போகிறாராம். அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. பழைய செட் வாங்குகிறீர்கள் என்றால் முகத்தின் கோடுகளில் விரல் நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள், வழுக்கினால் வேண்டாம். போலிச் செட்டுகளும் சந்தையில் சுற்றுகின்றன. கழுத்தில் இருக்கும் சீரியல் எண்ணை நிறுவனத்திடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். எல்லாக் கிளப்பிலும் ஒரே ஷாஃப்டா என்றும் பார்க்க வேண்டும். என் செட்டில் ஒன்றில் மட்டும் வேறு ஷாஃப்ட் இருந்தது. அதைக் காட்டித்தான் விலையைக் குறைத்தேன்.

வாங்கி நாலு மாதம் ஆகிறது. ஸ்கோர் பெரிதாக இறங்கிவிடவில்லை, ஹேண்டிகேப் 16-க்கும் 17-க்கும் நடுவில் ஊசலாடுகிறது. ஆனால் ஃபேட் அடித்த பந்து முன்பெல்லாம் கிரீனுக்கு முப்பது யார்டு முன்னால் நின்றது, இப்போது பத்து யார்டு முன்னால் நிற்கிறது. தின் அடித்தால் கை விறுவிறுக்கிறது. சேதி வந்து சேர்கிறது. போன வாரம் அப்படி ஒன்று அடித்துவிட்டுக் கையை உதறினேன். கேடி அண்ணன் பையைத் தோளில் மாற்றிக்கொண்டே, "இப்பவாச்சும் தெரியுதா சார்?" என்றார்.